தலைவலி யார் செய்த குற்றம்?

பிலிந்தவச்சர் என்ற பௌத்தத் துறவிக்குத் தலைவலி. எத்தனை நாள் வலி, எந்தப் பக்கம் வலி என்ற விவரமெல்லாம் பாலி வினய நூலில் இல்லை. புத்தரிடம் விஷயம் போகிறது. தலைக்குக் கொஞ்சம் எண்ணெய் தேய்த்துக்கொள்ளட்டும் என்கிறார். தேய்த்தும் வலி விடவில்லை. மூக்கில் மருந்து விட்டுக்கொள்ளலாம் என்கிறார். விட்ட மருந்து வழிந்து போகிறது. சரி, மூக்கில் விடுவதற்கென்று ஒரு கரண்டி வைத்துக்கொள்ளலாம். கரண்டியில் விட்டால் இரண்டு நாசிக்கும் சமமாகப் போகவில்லை. அப்படியானால் இரட்டைக் கரண்டி. அதற்கும் வலி கேட்கவில்லை. மருந்துப் புகையை உள்ளே இழுக்கலாம் என்கிறார். திரியைக் கொளுத்தி நேராக இழுத்ததில் தொண்டை வெந்துபோகிறது. புகைக்கு ஒரு குழாய் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார்.

வினய பிடகத்தின் மகாவக்கத்தில், மருந்துகளைப் பற்றிய பகுதியில் இது வருகிறது. மூன்று சீவர உடை, ஒரு திருவோடு என்று உடைமைகளை எண்ணி எண்ணி வைத்துக்கொண்ட சங்கம் அது. அந்தச் சங்கத்தின் விதிகள் ஒரு மனிதரின் தலைவலிக்காக ஒவ்வொன்றாக இளகுகின்றன. எண்ணெய் வந்தது, கரண்டி வந்தது, குழாய் வந்தது. துன்பத்துக்கு வேர் ஆசைதான் என்று ஊர் ஊராகச் சொல்லி நடந்தவர், இந்தத் துறவியிடம் ‘உன் ஆசை என்ன?’ என்று விசாரிக்கவில்லை. முற்பிறவியைக் கிளறவில்லை. தியானத்தில் உட்கார்ந்தால் போய்விடும் என்றும் சொல்லவில்லை. ஒன்று கேட்கவில்லையா, அடுத்ததைப் பார்ப்போம் என்பதுதான் அங்கே நடந்தது.

இன்றைக்கு ஒரு நடுத்தரக் குடும்பத்துச் சமையலறையில் என்ன நடக்கிறது? சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த வீட்டு அம்மா நெற்றியைச் சுற்றி ஒரு பழைய துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கண்ணை இடுக்கியபடி வெங்காயம் நறுக்குகிறார். நெற்றிப்பொட்டில் தைலம் பளபளக்கிறது. கூடத்திலிருந்து குரல் வருகிறது: “எதுக்கெடுத்தாலும் டென்ஷன் ஆனா தலை வலிக்காம என்ன பண்ணும்?” ஸ்கேன் எடுத்துப் பார்த்தாகிவிட்டது. “அதான் ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்களே” என்பது அதன்பிறகு வீட்டின் நிரந்தரத் தீர்ப்பு. ஜோதிடர் சனி பார்வை என்கிறார். உறவுக்காரர் ஒருவர், போன ஜென்மத்துக் கணக்கு, அனுபவித்துத்தான் தீர வேண்டும் என்கிறார். வலி ஒன்று; அதன்மேல் மூன்று பழி. மனத்திடம் இல்லாதவள், நடிக்கிறவள், பாவம் செய்தவள்.

மருத்துவம் ‘டென்ஷன் வகைத் தலைவலி’ என்று பெயரிட்டிருக்கும் இந்த நோய், உலகில் ஏறக்குறைய நான்கு பேரில் ஒருவருக்கு இருக்கிறது. அதன் குணங்கள் தெளிவானவை. இரண்டு பக்கமும் வலிக்கும். துடிப்பாக இல்லாமல், பட்டை போட்டு இறுக்குவது போல அழுத்தும். மாடிப்படி ஏறினால் வலி அதிகமாகாது. குமட்டல், வாந்தி இருக்காது. வெளிச்சமோ சத்தமோ இரண்டில் ஒன்று தொந்தரவு செய்யலாம். குறைந்தது அரைமணி நேரம். ஏழு நாள் வரையிலும் இழுக்கலாம். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ என்று மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் அது நாள்பட்ட வகை. வலியின் கடுமை மிதமாகவே இருப்பதால்தான் இதைப் பெரும்பாலும் யாரும் மதிப்பதில்லை. மாதத்தில் பாதி நாள் மிதமான வலியோடு வாழ்வது எப்படிப்பட்ட வாழ்க்கை என்று யோசித்துப் பார்த்தவர்கள் குறைவு.

இதில் மருத்துவர்களுக்கும் பங்கு உண்டு. இருபதாம் நூற்றாண்டில் நெடுங்காலம் இந்த வலிக்கு ஒன்று ‘தசை இறுக்கம்’ என்று காரணம் சொன்னார்கள், அல்லது ‘மனத்தால் வருவது’ என்று எழுதினார்கள். நெற்றி, கழுத்துத் தசைகளில் மின்முனை வைத்து அளந்தபோது வலியின் அளவுக்கும் இறுக்கத்தின் அளவுக்கும் ஒழுங்கான தொடர்பு தெரியவில்லை. உறுதியாகத் தெரிந்தது வேறொன்று. இவர்களுக்குத் தலையைச் சுற்றியுள்ள தசைகளை விரலால் அழுத்தினால், மற்றவர்களுக்கு வலிக்காத அழுத்தத்திலேயே வலிக்கிறது. வலி அடிக்கடி வந்து வந்து, தண்டுவடத்திலும் மூளைத்தண்டிலும் வலிச் செய்தியைக் கையாளும் நரம்புக் கூட்டங்கள் கூருணர்வு அடைந்துவிடுகின்றன; வலியைத் தணிக்கும் மூளையின் சொந்த ஏற்பாடும் தளர்கிறது. ஸ்கேன் காட்டுவது உறுப்பின் உருவத்தை. நரம்புகளின் இந்தக் கூருணர்வு அதில் தெரியாது. ஆகவே ஸ்கேனில் ஒன்றுமில்லை என்ற செய்திக்கு, கட்டி இல்லை, ரத்தக்கசிவு இல்லை என்பது மட்டுமே பொருள். வலி இல்லை என்பது அதன் பொருள் ஆகாது. ஒருவர் வலிக்கிறது என்று சொன்னால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும் என்று, வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 2020-ல் தன் வரையறையைத் திருத்தியபோது குறிப்பாகவே சேர்த்தது.

நடிக்கிறாள் என்ற பழி இப்படித் தீரும். வினையைப் பற்றிய பழி இன்னும் ஆழமானது. அதை மதத்துக்குள் நின்றுதான் பேச வேண்டும்.

ராஜகிருகத்தின் மூங்கில் தோப்பில் புத்தரைப் பார்க்க மோலிய சீவகர் என்ற ஊர் சுற்றும் துறவி வருகிறார். ஒரு மனிதன் அனுபவிக்கும் இன்பம், துன்பம் எல்லாமே அவன் முன்பு செய்ததன் பலன் என்று சிலர் சொல்கிறார்களே, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்கிறார். சம்யுத்த நிகாயம் என்ற பாலித் தொகுப்பில் பதிவாகியுள்ள பதில் நேரடியானது. பித்தத்தால் வரும் வேதனை உண்டு, கபத்தால் வருவது உண்டு, வாதத்தால் வருவது உண்டு, மூன்றும் கூடி வருவது உண்டு. பருவம் மாறுவதால் வருவது உண்டு. உடலை முறைதவறி நடத்துவதால் வருவது உண்டு. பிறர் தாக்கியதால் வருவது உண்டு. வினையால் வருவதும் உண்டு. எட்டுக் காரணங்களில் வினை ஒன்று. எல்லாம் வினையே என்பவர்கள், தாமே அனுபவித்து அறியக்கூடியதையும் உலகம் அறிந்த உண்மையையும் தாண்டிப் பேசுகிறார்கள், அது தவறு என்று முடிக்கிறார் புத்தர்.

கர்மக் கொள்கையை மறுக்கும் ஒருவர் இதைச் சொல்லியிருந்தால் வியப்பில்லை. அதை ஏற்றுப் போதித்தவர் சொன்னார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. பௌத்தத் துறவி நாகசேனர் மிலிந்த அரசனுக்கு இதே எட்டையும் சொல்லிவிட்டு, வினையால் வருவது கொஞ்சம், மற்றவற்றால் வருவதே அதிகம் என்று இன்னும் ஒரு படி மேலே போகிறார்.

ஆனால் அதே மரபில் அபதானம் என்றொரு நூலும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. முற்பிறவி ஒன்றில் மீனவச் சிறுவனாக இருந்த புத்தர், மீன்கள் கொல்லப்படுவதைப் பார்த்து மகிழ்ந்தாராம். அதனால், விடூடபன் என்ற அரசன் புத்தரின் குலத்தாரான சாக்கியர்களை வெட்டிச் சாய்த்த காலத்தில் அவருக்குத் தலைவலி வந்ததாம். புத்தரையே விடாத வினை! இந்தக் கதையும் சீவகருக்குச் சொன்ன பதிலும் ஒன்றோடொன்று மோதுகின்றன என்று ஒப்புக்கொள்வதே சரி. ஒன்றை மட்டும் கவனிக்கலாம். அபதானக் கதையில் அந்தக் கணக்கைச் சொல்பவர் வலித்தவரேதான், தன்னைப் பற்றி. பக்கத்தில் நின்ற ஒருவர் அவரைப் பார்த்துச் சொல்லவில்லை. தன் துன்பத்துக்கு ஒரு பொருளைத் தானே தேடிக்கொள்வது ஒருவருடைய ஆன்மிகம். அடுத்தவர் துன்பத்துக்குப் பொருள் எழுதிக் கொடுப்பது அத்துமீறல். வலிக்கிறவரைப் பார்த்து ‘உன் வினை’ என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது என்பதே இந்த நூல்களிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடிய முடிவு.

தமிழில் இந்தக் கேள்வியைத் திருஞானசம்பந்தர் நேருக்கு நேர் எதிர்கொண்டார். கொடிமாடச் செங்குன்றூர், அதாவது இன்றைய திருச்செங்கோட்டில் அவர் தங்கியிருந்தபோது, பனிக்காலத்தில் உடன் வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றியது என்கிறது பெரியபுராணம். அப்போது பாடப்பட்டது திருநீலகண்டப் பதிகம். அதன் தொடக்கத்திலேயே அவர் அடியார்களிடம் கேட்கிறார்: அந்த வினைக்கு இந்தத் துன்பம் என்று சொல்லத் தெரிந்த நீங்கள், அதிலிருந்து பிழைக்கும் வழியைத் தேடாமல் இருப்பது உங்களுக்குக் குறையல்லவா? அவர் காட்டிய வழி இறைவன் பெயர். மருந்தும் மாத்திரையும் அவர் பேச்சில் இல்லை. ஆனால் வாதத்தின் போக்கைப் பாருங்கள். வினை என்பதை அவர் மறுக்கவே இல்லை. வினை என்று சொல்லிக் கையைக் கட்டி உட்காருவதை மட்டும் மறுக்கிறார். சைவ மரபில் வளர்ந்த வீட்டில் ‘அனுபவித்துத்தான் தீர வேண்டும்’ என்ற சொல் எழும்போது, இந்தப் பதிகத்தை நினைவூட்ட ஒருவர் இருந்தால் நல்லது.

மற்ற மதங்களிலும் இதே வழக்கு நடந்திருக்கிறது. பைபிளில் துன்பத்தில் வாடும் யோபுவிடம் அவன் நண்பர்கள், நீ ஏதோ பாவம் செய்திருக்கிறாய் என்று அத்தியாயம் அத்தியாயமாக வாதாடுகிறார்கள். கடைசியில் கடவுளின் கோபம் அந்த நண்பர்கள்மேல் திரும்புகிறது. இஸ்லாத்தில், புனிதப் பயணத்துக்கான இஹ்ராம் நிலையில் பல கட்டுப்பாடுகள் உண்டு. அந்த நிலையிலும் நபிகள் ஒற்றைத் தலைவலிக்காகத் தலையில் ரத்தம் உறிஞ்சும் சிகிச்சை செய்துகொண்டார் என்று புகாரியின் ஹதீஸ் தொகுப்பு சொல்கிறது.

இனி ‘மனம்’ என்ற பழி. இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. ஏனென்றால் மனத்துக்கும் இந்த வலிக்கும் தொடர்பே இல்லை என்று சொன்னால் அது பொய்.

புத்தரின் இரண்டு அம்பு உவமை பலருக்கும் தெரிந்தது. ஒருவன்மேல் ஒரு அம்பு பாய்கிறது. அது உடலின் வலி. அவன் புலம்பி, மார்பில் அடித்துக்கொண்டு கலங்குகிறான். அது இரண்டாவது அம்பு. பயிற்சி பெற்றவனுக்கு முதல் அம்பு மட்டும்தான். இந்தக் காலத்து மன அழுத்த வகுப்புகளில் இதை அடிக்கடி கேட்கலாம். ஆனால் பாதி உவமையைத்தான் கேட்க முடிகிறது. முதல் அம்பு யாரையும் விடுவதில்லை என்பது மற்றப் பாதி. பயிற்சி பெற்றவனுக்கும் உடல் வலிக்கும். கபிலவஸ்துவில் சாக்கியர்கள் கட்டிய புது மண்டபத்தில் இரவு நெடுநேரம் பேசிய புத்தர், ஒரு கட்டத்தில் சீடர் ஆனந்தரைக் கூப்பிட்டு, நீ தொடர்ந்து பேசு, எனக்கு முதுகு வலிக்கிறது, கொஞ்சம் நீட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, மேலாடையை நான்காக மடித்து விரித்து வலப்பக்கமாகச் சாய்ந்து படுக்கிறார். ஞானம் அடைந்தவர், சபை நடுவே, கூச்சப்படாமல், எனக்கு வலிக்கிறது என்றார். தன் வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுப் படுத்தார். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்குகிற பெண்ணுக்கு இந்தச் சுதந்திரத்தை நம் வீடுகள் தந்திருக்கின்றனவா?

வலியைப் பொறுப்பதே பெருமை என்ற பெயர் ரோமாபுரியின் ஸ்டோயிக் தத்துவவாதிகளுக்கு உண்டு. அவர்களில் ஒருவரான மார்க்கஸ் அவ்ரேலியஸ் தன் குறிப்பேட்டின் முதல் பகுதியில் வளர்ப்புத் தந்தையான பேரரசர் அந்தோனினஸ் பயஸைப் புகழ்கிறார். அந்தப் பேரரசருக்குக் கடும் தலைவலி வருவதுண்டு. அது விட்டதும் புதுத் தெம்போடு வழக்கமான வேலைக்குத் திரும்புவாராம். வலியோடு பல்லைக் கடித்துக்கொண்டு வேலை பார்த்தார் என்று மார்க்கஸ் எழுதவில்லை. வலி விட்ட பிறகு திரும்பி வந்ததைத்தான் மெச்சுகிறார்.

மனத்தின் பங்கு எவ்வளவு என்பதற்குக் கிடைத்திருக்கும் நல்ல சான்று அமெரிக்காவிலிருந்து வருகிறது. ஒஹாயோவில் கென்னத் ஹால்ராய்டு குழுவினர் நாள்பட்ட டென்ஷன் வகைத் தலைவலி உள்ள 203 பேரை ஆராய்ந்து 2001-ல் முடிவை வெளியிட்டார்கள். சிலருக்கு அமிட்ரிப்டிலின் போன்ற மருந்து மட்டும், சிலருக்கு மன அழுத்தத்தைக் கையாளும் பயிற்சி மட்டும், சிலருக்கு இரண்டும், சிலருக்கு வெறும் போலி மாத்திரை. தலைவலி பாதியோ அதற்கு மேலோ குறைந்தவர்கள் மருந்தில் 38 சதவீதம், பயிற்சியில் 35 சதவீதம், போலி மாத்திரையில் 29 சதவீதம். மருந்தும் பயிற்சியும் சேர்ந்த குழுவில் 64 சதவீதம். உடலா மனமா என்று நூற்றாண்டுக் கணக்கில் நடந்த வாதத்துக்கு இந்த 64 ஒரு நல்ல பதில். மாத்திரை மட்டும் போதும் என்பவரும், மனசைத் திடப்படுத்து போதும் என்பவரும் நோயாளிக்குக் கிடைக்க வேண்டிய நிவாரணத்தில் ஒரு பகுதியைத்தான் தருகிறார்கள்.

அந்த 29-ஐயும் தள்ளிவிட வேண்டாம். விட்டுவிட்டு வரும் வகைத் தலைவலியில், 1,000 மில்லிகிராம் பாராசிட்டமால் சாப்பிட்ட 100 பேரில் சுமார் 24 பேருக்கு இரண்டு மணி நேரத்தில் வலி முழுக்க நின்றது; ஒன்றுமில்லாத மாத்திரை சாப்பிட்டவர்களில் 19 பேருக்கு நின்றது. அந்த 19 பேரும் பொய் சொன்னவர்கள் அல்ல. சிலருக்கு வலி தானாகவே தணிந்திருக்கும். சிலருக்கு, கவனிக்கப்படுகிறோம் என்ற நம்பிக்கையே வலியைத் தணிக்கும் மூளையின் ஏற்பாட்டை எழுப்பியிருக்கும். அம்மா சுக்கை உரைத்துப் பற்றுப் போடும்போது சுக்கும் வேலை செய்யலாம், அந்தக் கையும் வேலை செய்யலாம். 1996-ல் ஜெர்மன் மருத்துவர்கள் நடத்திய ஒரு சிறு ஆய்வில், நெற்றியில் தடவிய புதினா எண்ணெய்க்கும் பாராசிட்டமாலுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தைலப் புட்டியைக் கேலி செய்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ளட்டும்.

நிவாரணத்துக்கும் எல்லை உண்டு என்பதை வினய நூல் அப்போதே கண்டிருந்தது. புகைக்குழாய் அனுமதி கிடைத்ததும் சில துறவிகள் தங்கத்திலும் வெள்ளியிலும் குழாய் வைத்துக்கொண்டார்கள். மக்கள் முகம் சுளித்தார்கள். எலும்பு, தந்தம், மூங்கில் போன்றவற்றில் போதும் என்று விதி திருத்தப்பட்டது. நம் காலத்தின் மிகை வேறு வகை. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ சாதாரண வலி மாத்திரை, அல்லது 10 நாளோ அதற்கு மேலோ கலப்பு மாத்திரை, மூன்று மாதத்துக்கு மேல் சாப்பிட்டால் அந்த மாத்திரையே புதிய தலைவலியை உண்டாக்கலாம். மருந்துக்கடையில் பெயர் சொல்லி ஒரு அட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிற பழக்கம் பலரை இதில் தள்ளியிருக்கிறது. வலியைப் பொறுத்துக்கொண்டே இருப்பதும் தவறு, ஒவ்வொரு முறையும் மாத்திரையால் அடிப்பதும் தவறு. நாள்பட்ட வகைக்குத் தினசரி சிறு அளவில் தரும் தடுப்பு மருந்து, தளர்வுப் பயிற்சி, கழுத்துக்கான உடற்பயிற்சி, சிலருக்கு அக்குபங்சர் என்று வழிகள் இருக்கின்றன. இடி விழுந்தது போல் திடீரென்று வரும் கடும் வலி, காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்த வலி, பேச்சுக் குழறல், கை கால் பலவீனம், அடிபட்ட பிறகு வரும் வலி, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் வலி ஆகியவை வேறு. அவற்றுக்குத் தைலமும் தத்துவமும் வேண்டாம், உடனே மருத்துவமனை.

சீவகருக்குச் சொன்ன எட்டுக் காரணங்களில் ‘உடலை முறைதவறி நடத்துவது’ என்பதை இன்று யார் தலையில் எழுதுவது? ஜவுளிக்கடையில் பத்து மணி நேரம் நின்று, சரியாகத் தண்ணீர் குடிக்காமல், கழிப்பறைக்குப் போகத் தயங்கி, குழல் விளக்கு வெளிச்சத்தில் சேலை விரித்துக் காட்டும் பெண் தன் உடலை முறைதவறி நடத்தவில்லை. அவளை அப்படி நடத்துகிறார்கள். நீண்ட நேரம் ஒரே நிலையில் இருப்பதும், சாப்பாடும் தூக்கமும் தவறுவதும் இந்தத் தலைவலியைத் தூண்டுபவை. கடைத் தொழிலாளர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018-லும் தமிழ்நாடு 2021-லும் சட்டத்தைத் திருத்தின. அந்தப் பெண்ணுக்குத் தியானம் கற்றுக்கொடுப்பதற்கு முன்பு ஒரு நாற்காலி போட வேண்டும். மனத்தைப் பற்றிய உபதேசம் நியாயமாக இருக்க வேண்டுமானால், அந்த வரிசையில்தான் அது வர வேண்டும்.

வீட்டில் ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், காரணம் கேட்பதற்கு முன் அவர் கையிலிருக்கும் வேலையை வாங்கிக்கொள்ளுங்கள். எந்த நாளில் வலித்தது, எத்தனை மாத்திரை போட்டார் என்று காலண்டரில் குறித்துவையுங்கள். அந்தக் குறி மாதத்தில் பாதி நாளைத் தொட்டால், அந்தக் காலண்டரையும் எடுத்துக்கொண்டு அவரை மருத்துவரிடம் நீங்களே கூட்டிப் போங்கள்.